காந்தியடிகளும் நாவடக்கமும்

மகாத்மா காந்தியடிகள் இலங்கைக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கதர் நிதி திரட்டும் பொருட்டு வந்து, இரண்டரை வாரமளவில் இந்நாட்டைச் சுற்றினார். கொழும்பு, கண்டி, மலைநாடு, காலி, யாழ்ப்பாணம் எனப் பல இடங்களில் பேசிய அப்பெரியார் நமது சிலாபப் பட்டினத்துக்கும் வந்தார். கொரியா குடும்பத்தார் அவரை இங்கே வரவேற்று உபசரித்தனர். சங்கத்து முதியோர் தம் பெற்றோர் வாயிலாக இதனைக் கேட்டிருப்பர். இளைஞருட் பலர் அறியார்.

அந்தப் பயணத்தில் அவர் பேசிய விதம் நம் சிந்தனைக்குரியது. விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரைப் புகழ்ந்துவிட்டுப் போவது உலக வழக்கம். அடிகளோ தோட்டத் தொழிலாளர் முன் நின்றபோது குடியை விடும்படி கேட்டார். யாழ்ப்பாணத்துச் சைவர் முன் நின்றபோது தீண்டாமையைப் பற்றிப் பேசினார். பௌத்தர் சபையிலே, புத்தர் இந்து சமயத்தைத் துறந்தவர் அல்லர் என்னும் தமது கருத்தை, அங்கிருந்தோர் எல்லாரும் அதனை ஒப்பமாட்டார் என அறிந்தும் மறைக்காமற் சொன்னார். ஒரு கூட்டத்தாரிடம் மற்றொரு கூட்டத்தாரின் குற்றத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்க அவர் முயலவில்லை. அவரவர் குற்றத்தை அவரவர் முகத்துக்கு நேரே சொன்னார். சொன்னபோது சுடுசொல் வரவில்லை. இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி கத்தியவாரிலுள்ள போர்பந்தரிலே பிறந்த மோகன்தாஸ், பேச அஞ்சும் பிள்ளையாய் இருந்தார். பாடசாலை மணி அடித்ததும் எவரும் தம்மோடு பேசிவிடக் கூடாதே என்று வீட்டுக்கு ஓடிவிடுவார். பதினைந்து வயதளவில், தமையனாரின் காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடிவிட்டு, மனம் பொறாமல், தந்தையிடம் ஒப்புக்கொள்ளத் துணிந்தார். வாய் எழவில்லை. கடிதமாக எழுதிக் கையிற் கொடுத்தார். நோயாய்ப் படுத்திருந்த தந்தை எழுந்து உட்கார்ந்து அதை வாசித்தார், கண்ணீர் விட்டார், சற்று நேரம் கண்ணை மூடியிருந்து கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். தந்தையும் பேசவில்லை, மகனும் பேசவில்லை. நம் வீடுகளில் இத்தகைய நேரத்தில் எழும் கூச்சலை நினைத்துப் பாருங்கள்!

அவர் இராஜ்கோட்டிற் படித்த காலத்து நிகழ்ச்சி ஒன்று எனக்கு விசேடமாகத் தோன்றுகிறது. பாடசாலைக்கு அருகே ஒரு மூலையிற் பாதிரியார் ஒருவர் நின்று, இந்துக்களையும் அவர்கள் வணங்கும் தெய்வங்களையும் இழித்துப் பேசுவாராம். ஒரு நாள் நின்று கேட்டவர் மறுபடி அந்தப் பக்கம் செல்லவில்லை. அந்த வசை கிறிஸ்து சமயத்தின்மேல் வெறுப்பையே அவர் உள்ளத்தில் விளைத்தது. அந்த வெறுப்பு நீங்கச் சில ஆண்டுகள் சென்றன. பின்னர் இலண்டனில் விவிலியத்தைத் தாமே வாசித்தபோது மலைப்பிரசங்கம் அவர் நெஞ்சைத் தொட்டது. நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். எனக்குக் கற்பித்த குருமார் எங்கள் கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் தாழ்த்திச் சொன்னவர் அல்லர். அவர்களிடமிருந்தே மலைப்பிரசங்கத்தை நானும் கற்றேன். பிற சமயத்தைப் பழித்து எவரும் தம் சமயத்துக்கு ஆள் சேர்த்ததில்லை என்பது என் துணிபு. இது நம் மேடைகளுக்கும் பொருந்தும்.

1888இல் அவர் சட்டம் பயில இங்கிலாந்து சென்றார். புறப்படுமுன் இராஜ்கோட் மாணவர் நடத்திய பிரியாவிடையில் இரண்டொரு வாக்கியத்தைக் கடதாசியில் எழுதி வைத்திருந்தும், தலை சுற்றி, உடல் நடுங்கி, அதைத் திக்கித் திக்கியே வாசித்தார். இலண்டனிலே தாவர உணவுச் சங்கத்தின் நிருவாக சபையில் அங்கத்தவரானார், கூட்டந் தவறாமற் சென்றார், வாய் திறக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கருத்துக்காக அலின்சன் என்னும் வைத்தியரைச் சங்கத்திலிருந்து நீக்க முற்பட்டபோது, அடிகள் அந்தக் கருத்தை ஏற்காதவராயினும், கருத்துக்காக ஒருவரை விலக்குதல் தகாது என எண்ணினார். அதைச் சொல்லவேண்டும் என்ற கடமையுணர்ச்சி இருந்தது, நா இல்லை. எழுதிக் கொண்டுபோனார், வாசிக்கவும் முடியாமல் வேறொருவர் வாசித்தார். அவர் பக்கம் தோற்றது. 1891இல் நாடு திரும்பும் வேளையில் நண்பர்களுக்கு அளித்த விருந்திலும், ஆயத்தம் செய்துகொண்டு போன நகைச்சுவைப் பேச்சு முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டது. நன்றி கூறி அமர்ந்தார்.

பம்பாயிலே முதல் வழக்கு. சிறு வழக்கு மன்றத்தில் மமிபாய் என்ற பெண்ணுக்காக எழுந்து நின்றார். சாட்சியிடம் கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வாங்கிய முப்பது ரூபாவையும் திருப்பிக் கொடுத்துவிட்டு மன்றத்தை விட்டு வெளியேறினார். பாரிஸ்டர் பட்டம் பெற்றவர் இப்படி ஓடிய கதையை நம்மூர் அப்புக்காத்துமார் கேட்டால் நகைப்பர்!

இவையெல்லாம் கூச்சம். கூச்சத்தை நாவடக்கம் என்று நாம் கொண்டாடலாகாது. பேச வேண்டிய இடத்திற் பேச மாட்டாமை ஒரு குறையே. ஆனால் இந்தக் குறையினின்றும் அவர் ஒரு வழக்கத்தைப் பெற்றார். சொல் எளிதாக வராதவனுக்கு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க அவகாசம் உண்டு. கூச்சம் தம்மைக் காத்த கேடயம் என்று பிற்காலத்தில் அவரே கருதினார்.

1893இல் தென்னாபிரிக்கா சென்றார். பீட்டர்மரிற்ஸ்பேர்க் புகையிரத நிலையத்திலே முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து தள்ளப்பட்ட கதையை எல்லாரும் அறிவர். அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அதற்குப் பின் நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. பிரிற்றோரியாவை அடைந்தவர் அங்குள்ள இந்தியரை ஒரு வீட்டிற் கூட்டினார். அவருடைய வாழ்க்கையில் முதற் பொதுப் பேச்சு என்று சொல்லத்தக்கது அங்கேதான் நிகழ்ந்தது. அவமானம் ஆறாதிருந்த அந்த இளைஞர் வெள்ளையரை வசைபாடியிருப்பார் என்று எதிர்பார்ப்போம். அவர் எடுத்துக்கொண்ட பொருள் வாணிகத்தில் உண்மை. கூடியிருந்தவரோ பெரும்பாலும் வணிகர்! வியாபாரத்தில் உண்மை செல்லாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம், அயல் நாட்டில் ஒருவர் செய்யும் பொய் முழு இனத்துக்கும் பழியாகும் என்று எடுத்துரைத்தார். அந்தப் பேச்சில் அவர் நா தடுமாறவில்லை.

நேட்டாலில் அவரிடம் வந்த பாலசுந்தரம் நம்மவர், தமிழர். ஒப்பந்தக் கூலியாய்ப் போனவர். எசமானன் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிலே இரத்தம் ஒழுக, கிழிந்த உடையோடு, தலைப்பாகையைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளையர் முன் செல்லும்போது தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்திருக்கவேண்டும் என்பது அக்காலத்தில் அக்கூலிகள்மேற் சுமத்தப்பட்ட வழக்கம். நம்மவரான காந்தி முன்பும் அவ்வாறே நின்றார்! அதை மறுபடி தலையிற் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. அந்த ஏழை சொன்னதை அலுவலகத்துத் தமிழ் எழுதுவினைஞர் எடுத்துச் சொன்னார். காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் பெற்றார், நீதவானிடம் கொண்டுபோனார். எசமானனைத் தண்டிக்கவேண்டும் என்று கேட்கவில்லை. அவனிடமிருந்து விடுதலை வாங்கி, வேறிடத்தில் வேலைக்கு ஏற்பாடு செய்தார். சினத்தைக் காட்டாமலே செய்யவேண்டியது யாவும் செய்யப்பட்டது. இச்செய்தி ஒப்பந்தத் தொழிலாளரிடையே பரவிற்று. அன்றுமுதல் ஏழைத் தமிழர் அவரைத் தேடி வரலாயினர்.

1896இல் இந்தியா வந்தவர் தென்னாபிரிக்க இந்தியரின் துயரத்தை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். பச்சை அட்டை போட்டிருந்ததால் பச்சைப் பிரசுரம் எனப் பெயர் பெற்றது; 10,000 பிரதிகள் அச்சாயின. அதனை எழுதும்போது அவர் வேண்டுமென்றே நடையைத் தாழ்த்தினார். முன்பு நேட்டாலில் வெளியிட்ட இரண்டு பிரசுரங்களிலும் பார்க்க மென்மையான மொழியை எடுத்துக்கொண்டார். தூரத்திலிருந்து கேட்கும் செய்தி உள்ளதிலும் பெரிதாகத் தோன்றும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே உள்ளதிலும் சற்றுக் குறைத்தே சொன்னார். இத்தனை சிந்தித்து எழுதியும் என்ன நடந்தது? றொய்ட்டர் நிறுவனம் அதன் சுருக்கத்தை இலண்டனுக்குத் தந்தி அடித்தது. அந்தச் சுருக்கத்தின் சுருக்கம் நேட்டாலுக்குப் போயிற்று. மூன்று வரிக்கு மேற்படாத அத்தந்தி அவர் சொல்லாததைச் சொன்னதாக்கியது.

கப்பல் டர்பன் துறைமுகத்தில் இருபத்து மூன்று நாட்கள் மறிக்கப்பட்டது. 1897 ஜனவரி 13ஆந் திகதி கரையிறங்கியவரை ஒரு கூட்டம் சூழ்ந்து கல்லும் அழுகிய முட்டையும் எறிந்தது, உதைத்தது. பொலிஸ் அத்தியட்சகரின் மனைவி அலெக்சாந்தர் அம்மையார் தற்செயலாய் அவ்வழியே வந்து, குடையை விரித்துப் பிடித்துக் குறுக்கே நின்றிராவிட்டால் உயிர் தப்பியிருக்க மாட்டார். தாம் இந்தியாவில் எழுதியவை யாவும் முன்னரே தென்னாபிரிக்காவில் வன்மையான சொற்களாற் சொன்னவையே என்று பத்திரிகை நிருபரிடம் அவர் எடுத்துக் காட்டினார். அடித்தவர்களைத் தண்டிக்க இலண்டனிலிருந்து அமைச்சர் சேம்பர்லேன் உத்தரவு அனுப்பியும், வழக்குத் தொடர மறுத்துவிட்டார். பொய்ச் செய்தியை நம்பியவர்கள் உண்மை வெளிப்பட்டதும் தாமே வெட்குவர் என்பது அவர் எண்ணம். அவ்வாறே நகரத்து வெள்ளையருட் பலர் வெட்கினர்.

இன்று நம் கையிலுள்ள தொலைபேசியில் ஒருவர் பேச்சின் ஒரு துண்டு ஊரெங்கும் பறக்கிறது. அந்த மூன்று வரித் தந்தியை நினைப்பது நமக்கு நல்லது.

ஆனால் அவரையும் நாம் குறையற்றவராக்க வேண்டாம். அவரே அதற்கு இடங் கொடுக்கவில்லை. 1898இல் டர்பன் வீட்டில், தங்கியிருந்த எழுதுவினைஞர் ஒருவரின் சிறுநீர்ச் சட்டியைச் சுத்தம் செய்யும்படி கஸ்தூரிபாயை வற்புறுத்தினார். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் அந்த எழுதுவினைஞர். அம்மையார் அழுதுகொண்டே செய்தார். சிரித்துக்கொண்டு செய்யவேண்டும் என்று கூச்சலிட்டு, மனைவியின் கையைப் பிடித்து வாயில்வரை இழுத்துச் சென்று வெளியே தள்ளப் பார்த்தார். வெட்கமில்லையா என்று அம்மையார் கேட்ட பின்பே தெளிந்தார். கொள்கை சரி, குரல் தவறு. வெளியே நூறு வெள்ளையரிடம் அடங்கிப் பேசியவர் வீட்டிலே ஒரு பெண்ணிடம் அடங்கவில்லை. 1921இலும் ராஜாராம் மோகன் ராயை, கபீர், நானக் முதலியோருடன் ஒப்பிட்டுச் சிறியவர் எனப் பொருள்படும் ஒரு சொல்லாற் குறித்துவிட்டார். தாகூரின் மனம் அதனாற் புண்பட்டது. நாவைக் கட்டுவது ஒரு நாளில் முடியும் வேலையன்று.

1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை அவருக்கு அப்பயிற்சியை அளித்தது. ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி ஆகியவற்றோடு தமிழிலும் அது தொடக்கத்தில் வெளிவந்தது. வாரந்தோறும் எழுதிய கட்டுரைகளில் ஆலோசியாமலோ மிகைப்படுத்தியோ ஒரு சொல்லும் இடவில்லை என்று பின்னாளில் அவர் நினைவுகூர முடிந்தது. குறைகூறக் காத்திருந்த பகைவரும் அப்பத்திரிகையை நம்பி வாசிக்க நேர்ந்தது அதனாலேதான்.

1915இல் இந்தியா திரும்பியபோது, ஒரு வருட காலம் நாட்டைச் சுற்றிப் பார்க்கவேண்டும், பொதுக் காரியங்களில் கருத்துச் சொல்லக் கூடாது என்று கோகலே கேட்டுக்கொண்டார். அடிகள் அதற்கு உடன்பட்டார். ஒரு வருடம் கேட்டார், பார்த்தார், பேசவில்லை. கோகலே அதே வருடம் பெப்ரவரியில் மறைந்தார்; வாக்கைக் கேட்டவர் போன பின்பும் வாக்கு நின்றது. பிறகு 1916 பெப்ரவரியில் காசி இந்து சர்வகலாசாலைத் தொடக்க விழாவிலே வாய் திறந்தார். வைரமும் முத்துமாக மன்னர்கள் வீற்றிருந்த சபையில், அந்த நகைகள் ஏழை உழவரின் பொருள் என்றார். விசுவநாதர் கோயிற் சந்துகளின் அழுக்கைச் சொன்னார். இராசப்பிரதிநிதிக்காகத் தெருவெங்கும் நிறுத்திய துப்பறிவோரைப் பற்றிச் சொன்னார். அன்னி பெசன்ற் அம்மையார் குறுக்கிட்டார், மாணவர் பேசச் சொன்னார்கள், மன்னர்கள் எழுந்து போயினர், கூட்டம் கலைந்தது. ஒரு வருட மௌனத்தின் முடிவு அது. நாவடக்கம் என்றால் பெரியோர் மனம் நோகாதவாறு பேசுதல் என்று கொள்பவர் இந்த நிகழ்ச்சியை மறந்துவிடுகின்றனர்.

நண்பர்காள்! நம் கரையின் நிலையை இங்கே சற்று எண்ணுவோம். புத்தளம், கற்பிட்டி, உடப்பு, முந்தல், சிலாபம் ஆகிய இடங்களில் நாம் சிங்களவர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் யாவரோடும் கலந்து வாழ்கிறோம். முன்னேஸ்வரத்துக்கு எல்லாரும் வருகின்றனர். இங்கே வார்த்தையை அளந்து பேசுவது நம் முன்னோர் அறிவு. ஆனால் பஸ்ஸிலே ஏறியதும் தமிழ்ப் பேச்சின் குரல் தானாகத் தாழ்வதும் உண்டு. 1956, 1983 முதலிய ஆண்டுகளின் நினைவு அதில் இருக்கிறது. சிலாபத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு வரை, தமிழ் வீட்டுக்குள் ஒடுங்கி, பின்பு பாட்டன் பாட்டியோடு போய்விட்ட குடும்பங்கள் எத்தனை! அயலாரின் மனம் நோகும் என்று ஒரு சொல்லை விடுவது அடக்கம். அடிப்பார்கள் என்று நம் மொழியையே விடுவது அச்சம். இரண்டும் வெளிக்கு ஒரே மாதிரித் தோன்றும். நம்மையே நாம் ஏமாற்றிக்கொள்ளவும் கூடும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: வாயை அடக்கு என்னும் உபதேசம் நம் வீடுகளிற் பெண் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது. வள்ளுவர் அடக்கமுடைமையைப் பெண்களுக்கென்று வகுக்கவில்லை.

அடிகளின் வாழ்வில் இவ்விரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை மூன்று சம்பவங்களிற் காணலாம். 1922 மார்ச் 18ஆந் திகதி அகமதாபாத்தில், யங் இந்தியாவில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக இராசத்துரோக வழக்கு நடந்தது. எழுதியதற்கு வேறு பொருள் சொல்லித் தப்ப வழியிருந்தும், குற்றத்தை ஒப்புக்கொண்டார். அரசை வெறுப்பது தமக்கு அறமாகிவிட்டது என்று விளக்கினார். நீதிபதி புரூம்ஃபீல்டுமீது ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. நீதிபதியும் மரியாதையோடு ஆறு ஆண்டுச் சிறை விதித்தார்.

1930 மார்ச் 2ஆந் திகதி, உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதம் நண்பர் என்ற விளியோடு தொடங்குகிறது. உள்ளே, அந்த நண்பரின் மாதச் சம்பளம் 21,000 ரூபா என்றும், அது நாளொன்றுக்கு 700 ரூபா ஆகிறதென்றும், இந்தியக் குடிமகனின் சராசரி வருமானமோ நாளுக்கு இரண்டணாவுக்கும் குறைவென்றும் கணக்கு வைத்திருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தவரும் ரெயினோல்ட்ஸ் என்னும் ஓர் ஆங்கில இளைஞர். உப்பளங்களின் நடுவே வாழும் புத்தளத்து மக்களுக்கு அந்தப் போராட்டத்தின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

1940இல் யுத்தத்தை எதிர்த்துப் பேசும் உரிமைக்காகத் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கினார். ஒக்டோபர் 17ஆந் திகதி வினோபா முதலிற் பேசிச் சிறை சென்றார். அப்போராட்டம் பற்றிய செய்திகளை முன்கூட்டி அதிகாரிகளுக்குக் காட்டியே அச்சிடவேண்டும் என்ற நிலை வந்தது. அடிகள் அதற்கு இணங்காமல் ஹரிஜன் பத்திரிகையையே நிறுத்திவிட்டார். தம் சொல்லைத் தாமே குறைப்பதற்கு அவர் என்றும் ஆயத்தம்; பிறர் கத்தரிக்கோலுக்குக் கொடுக்க ஆயத்தமில்லை. 1942 ஜனவரியிலேதான் அப்பத்திரிகை மறுபடி வெளிவந்தது.

திங்கட்கிழமை மௌனம் 1920களிலிருந்து அவரோடு வந்தது. இளைப்பாறுதற்காகத் தொடங்கியது, பின்பு வழிபாடாயிற்று. 1931 செப்டெம்பர் 14ஆந் திகதி இலண்டன் வட்டமேசை மகாநாட்டுக் குழுவில் அவர் முதன்முதலாக அமர்ந்தபோது அது திங்கட்கிழமை, உலகம் காத்திருந்தும் வாய் திறக்கவில்லை, மறுநாள் பேசினார். 1947 ஜூன் 2ஆந் திகதியும் திங்கள். நாட்டைப் பிரிக்கும் திட்டத்தை மவுண்ட்பேட்டன் பிரபு விளக்கியபோது, பழைய கடித உறைகளின் பின்புறத்தில் விடை எழுதிக் காட்டினார். அவசர காரியமாக உயர் அதிகாரிகளோடு பேசுவதற்கும் நோயாளரைக் கவனிப்பதற்கும் மௌனத்தை விடலாம் என்று தாமே விலக்கு வைத்திருந்தார். அன்று அந்த விலக்கை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மௌனம் பிரிவினைக்கு உடன்பாடாயிற்று என்று குறை சொல்வோர் உளர். என் மனமும் அந்த இடத்தில் முற்றாக அமைதி கொள்வதில்லை.

1948 ஜனவரி 12ஆந் திகதி, அதுவும் திங்கள், டில்லியில் இந்துக்களும் சீக்கியரும் முஸ்லிம்களை வருத்துவது நிற்கும்வரை உண்ணாவிரதம் இருப்பதாக அவர் எழுதியதைப் பிரார்த்தனைக் கூட்டத்திற் சுசீலா நய்யார் வாசித்தார். இலண்டனில் அன்று வேறொருவர் வாசித்தது அவரால் வாசிக்க முடியாமையால். மறுநாள் தொடங்கிய நோன்பு, நகரத்துத் தலைவர்கள் அமைதிக்கு உறுதி எழுதிக் கொடுத்த பின் 18ஆந் திகதி முடிந்தது. 20ஆந் திகதி பிரார்த்தனை இடத்திற் குண்டு வெடித்தது. பிடிபட்ட இளைஞனை வெறுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பத்து நாள் கழித்து, 30ஆந் திகதி வெள்ளிக்கிழமை மாலை, பட்டேலோடு பேசிக்கொண்டிருந்ததிற் சில நிமிடம் பிந்திவிட்டது. இரு பெண்களின் தோளிற் கைவைத்து விரைந்து நடந்தவர், கூட்டம் தெரிந்ததும் கைகளை எடுத்து எல்லாரையும் நோக்கிக் கூப்பினார். அப்போது எதிரே வந்தவனும் முதலிற் கும்பிட்டான்.